கேவலமும் கைவல்யமும்: யோகச் சொற்களுக்கு ஒரு முதல் அறிமுகம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. காலை ஆறே முக்கால். வகுப்பு முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாஸ்டர், "எல்லாரும் மல்லாந்து படுங்க, சவாசனம்" என்றார். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா மட்டும் படுக்கவில்லை. "விடிஞ்சும் விடியாம என்ன வார்த்தை மாஸ்டர் அது? எங்க வீட்ல சவம்னு சொன்னா வாயிலயே போடுவாங்க" என்றார். பக்கத்துப் பாயில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, 'சவாசனா' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார். அவருக்கு அது இனிமையான ஓர் ஒலி, அவ்வளவுதான். மாஸ்டர் சிரித்துவிட்டு, "சரிம்மா, சாந்தி ஆசனம்னு வச்சுக்குங்க" என்றார். அம்மா படுத்தார்.

யோகச் சொற்களைப் படிக்க வரும் தமிழர்களுக்கு உள்ள சிக்கல் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. வெளிநாட்டுக்காரருக்கு இந்தச் சொற்கள் எல்லாமே புதுசு. ஒன்றொன்றாக மனப்பாடம் செய்துகொள்வார். நமக்கு முக்கால்வாசிச் சொற்கள் பல தலைமுறையாக வீட்டிலேயே குடியிருப்பவை. குடியிருந்த இடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டவை. அதனால் தெரிந்த சொல்தானே என்று தாண்டிப்போய், தப்பான பொருளோடு உட்கார்ந்துவிடுகிறோம். நான் சமஸ்கிருதப் பண்டிதன் இல்லை. அகராதி புரட்டும் பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் 'யோகம்'. ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து 'யோகா' ஆகிவிட்டது. ஆசனம் 'ஆசனா' ஆனதும், பிராணாயாமம் 'பிராணாயாமா' ஆனதும் அப்படித்தான். தமிழில் அது எப்போதும் யோகம்தான். ஆனால் தெருவில் யோகம் என்றால் அதிர்ஷ்டம். "அவனுக்கு யோகம் அடிச்சிருக்குடா, வீட்டு மனை ரெண்டு பங்கு விலைக்குப் போச்சு." தினசரி காலண்டரைக் கிழித்தால் சித்த யோகம், அமிர்த யோகம், மரண யோகம் என்று இருக்கும். மரண யோகம் என்றால் செத்துப்போகும் யோகாசனம் என்று பக்கத்து வீட்டுப் பையன் நினைத்திருந்தான். அவன் மேல் தப்பில்லை. காலண்டரில் அது கிழமையும் நட்சத்திரமும் சேரும் சேர்க்கைக்குப் பெயர். யோகம் என்றாலே சேர்க்கை. 'யுஜ்' என்ற வேர், இணைப்பது, பூட்டுவது. மாட்டுக்குப் பூட்டும் நுகத்தடிக்கு வடமொழியில் 'யுகம்' என்று ஒரு பெயர் உண்டு. அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததே.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வடமொழிக்கு இலக்கணம் எழுதிய பாணினியின் மரபில் உள்ள வேர்ச்சொல் பட்டியலில் 'யுஜ்' ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வருகிறது. அதில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று சேர்த்தல் என்ற பொருளில், இன்னொன்று மனம் ஒருமுகப்படுதல் என்ற பொருளில். 'ஜீவாத்மா பரமாத்மாவோடு சேர்வதே யோகம்' என்று மேடையில் சொல்பவர்கள் முதல் வேரைப் பிடித்தவர்கள். யோகத்துக்கு மூல நூலாகச் சொல்லப்படும் பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் உள்ள பழைய உரையோ, 'யோகம் என்றால் சமாதி' என்று இரண்டாவது வேரைப் பிடிக்கிறது. பதஞ்சலியைப் படிக்கும்போது சேர்க்கையைத் தேடிக்கொண்டிருந்தால் வழி தவறும். அவர் சேர்ப்பதைவிடப் பிரிப்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறார். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

யோக சூத்திரம் நான்கு பாதங்கள், ஏறக்குறைய 195 சூத்திரங்கள் கொண்ட சின்ன நூல். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி இதன் முதல் பாதத்தைத் தமிழாக்கியிருக்கிறார். இரண்டாவது சூத்திரத்திலேயே நூலின் மொத்தச் சரக்கும் வந்துவிடுகிறது: 'யோகஸ் சித்த விருத்தி நிரோத:'. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தமிழ்க் காதுக்கு ஒரு பொறி.

சித்த என்றதும் நமக்குச் சித்தர்தான் நினைவுக்கு வருவார், அல்லது சித்த மருத்துவம். புதுச்சேரியைச் சுற்றிச் சித்தர் பீடங்களுக்குக் குறைவில்லை, அதனால் இன்னும் சுலபமாக வரும். அது வேறு சித்தம். சித்தரில் உள்ளது 'சிலை' என்பதில் ஒலிக்கும் ச; கைகூடியவர், சாதித்தவர் என்று பொருள். பதஞ்சலியின் சித்தம் 'பச்சை' என்பதில் ஒலிக்கும் ச. அறிவது, உணர்வது என்ற வேர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 'உங்கள் சித்தம் என் பாக்கியம்' என்பதில் வருவது இந்த இரண்டாவது சித்தம்தான். மனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நினைவு, அறிவு, 'நான்' என்ற உணர்வு எல்லாம் சேர்ந்த மொத்தக் கிட்டங்கி அது.

விருத்தி இன்னும் வேடிக்கை. கடலூர் மாவட்டத்திலேயே விருத்தாசலம் இருக்கிறது. விருத்த அசலம், முதிர்ந்த மலை, தேவாரத்தில் முதுகுன்றம். வம்ச விருத்தி, ஆயுள் விருத்தி என்பவையும் அதே குடும்பம். வளர்வது என்ற வேர். அங்கே 'பந்து' என்பதில் வரும் த போல அதிர்ந்து ஒலிக்க வேண்டும். பதஞ்சலியின் விருத்தியில் 'பத்து' என்பதில் வரும் த. வேறு வேர்: சுழல்வது, திரும்புவது. எண்ணம் சுழன்று சுழன்று ஓடுகிறதே, அந்தச் சுழற்சி. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டதால், 'சித்த விருத்தி நிரோதம்' என்பதை 'மன வளர்ச்சியைத் தடுத்தல்' என்றுகூட ஒருவர் படித்துவிடலாம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

நிரோதம் என்றால் தடுத்து நிறுத்துதல். விரோதத்தில் உள்ள அதே 'ருத்' வேர். அரசாங்க ஆணுறைக்கு 'நிரோத்' என்று பெயர் வைத்தவரும் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். பழைய சுவர் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு யோக சூத்திர வகுப்பில் இந்த இடத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு வராமல் இருக்காது.

ஆக, மனச் சுழற்சி அடங்குவது யோகம். எவையெல்லாம் சுழற்சி? பதஞ்சலி ஐந்து சொல்கிறார். பிரமாணம் என்பது சரியான அறிவு; நீதிமன்றத்துப் பிரமாணப் பத்திரத்தில் இருப்பது அதுதான். விபரியயம் தப்பான அறிவு, கயிற்றைப் பாம்பு என்று நினைப்பது. விகற்பம் என்பது சொல் மட்டும் இருந்து பொருள் இல்லாதது, முயல் கொம்பு மாதிரி. பிறகு நித்திரை, ஸ்மிருதி, தூக்கமும் நினைவும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சரியான அறிவும் சுழற்சிதான். நல்ல எண்ணம் என்பதால் அதற்கு விதிவிலக்கு இல்லை. இரண்டாவது, தூக்கமும் சுழற்சிதான். ஒன்றுமே இல்லை என்ற நிலையைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு சுழற்சி. அதனால்தானே எழுந்ததும் 'நல்லாத் தூங்கினேன்' என்று சொல்ல முடிகிறது! இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தப் பதஞ்சலி நமக்கு அந்நியர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் நடராஜரின் ஆட்டத்தைப் பார்த்தவர்களாகப் புராணம் சொல்லும் இருவரில் ஒருவர் இவர். மற்றவர் புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர். ஆதிசேஷன் அவதாரம் என்பதால் சிலைகளில் இடுப்புக்குக் கீழே பாம்பு. நந்திக்குக் கொம்பு இருக்கிறது, வியாக்கிரபாதருக்குக் கால் இருக்கிறது, உமக்கு இரண்டும் இல்லையே என்று கேலி செய்தார்களாம். உடனே இவர் கொம்பும் காலும் இல்லாத எழுத்துகளாகவே, அதாவது நெடில் குறிகள் வராமல், நடராஜர் மேல் ஒரு துதி பாடினார் என்பது கதை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு என்று எழுத்துக்கு உறுப்பு வைத்துப் பேசும் நமக்கு இந்தக் கதை விளக்கமே இல்லாமல் புரியும். இலக்கணத்துக்கு மகாபாஷ்யம் எழுதிய பதஞ்சலியும் இவர்தான் என்பது மரபு; பெரும்பாலான ஆய்வாளர்கள் இருவரும் வேறு வேறு என்கிறார்கள்.

அவர் பெயரிலேயே ஒரு சொல் இருக்கிறது: அஞ்சலி. குவித்த கைகள். குவித்த கையில் விழுந்தவர் என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். சூரிய நமஸ்காரத்தின் முதல் நிலையில் கையைக் குவிக்கிறோமே, அது அஞ்சலி முத்திரை. நம் தெருவில் அஞ்சலி எங்கே இருக்கிறது? 'கண்ணீர் அஞ்சலி' பேனரில். சமாதி, அஞ்சலி என்று யோகத்தின் அழகான சொற்களாகப் பார்த்து நாம் சாவு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சில சமயம் தோன்றும். முத்திரையும் அப்படி இடம் மாறியதுதான். நமக்கு முத்திரை என்றால் பத்திரப்பதிவு அலுவலகத்து முத்திரைத்தாள். பொருள் மட்டும் மாறவில்லை. இரண்டு இடத்திலும் அது அடைத்து மூடும் முத்திரையே.

அட்டாங்கம் என்ற எட்டு உறுப்புகளுக்கு வருவோம். சாஷ்டாங்க நமஸ்காரத்தில் வரும் எட்டு உடம்பின் எட்டு இடங்கள். இது வேறு எட்டு. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. நான் இங்கே எழுதியது திருமூலரின் எழுத்துக்கூட்டல். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். வடமொழி ஆசனத்தை ஆதனமாக்கி, பத்மத்தைப் பங்கயமாக்கி, எட்டையும் ஒரே பாட்டில் அடுக்கிவிட்டார். யோகச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று இன்றைக்கு யாராவது திண்டாடினால் அங்கே போய்ப் பார்க்கலாம். 'ஹத யோகம்' என்று பத்திரிகைகளில் வருவதையும் அப்படியே திருத்திக்கொள்ளலாம். அது ஹட யோகம். ஹட என்றால் வலிந்து செய்வது. ஹத என்றால் கொல்லப்பட்டது! ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியதால் வந்த விபத்து.

இயமம் என்றதும் எமன் ஞாபகம் வருகிறதா? வரட்டும். சொல்லின் பொருள் அடக்குதல், கட்டுப்பாடு. கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை, பிரம்மசரியம், அபரிக்கிரகம் என்று பதஞ்சலி ஐந்து வைக்கிறார். திருமூலர் 'கொல்லான் பொய்கூறான் களவிலான்' என்று தொடங்கிப் பகுத்துண்பதையும் சேர்த்துக்கொள்கிறார். கடைசிச் சொல் மட்டும் கொஞ்சம் கரடுமுரடு. கிரகம் என்றால் பிடித்தல். சூரியனைப் பிடித்தால் கிரகணம், கல்யாணத்தில் கையைப் பிடித்தால் பாணிக்கிரகணம், சுற்றியிருப்பதையெல்லாம் வளைத்துப் பிடித்தால் பரிக்கிரகம். எங்கள் ஊர்ப் பக்கம் நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை வந்ததும் பார்க்கலாம். 2011 தானேயையும் 2024 ஃபெஞ்சலையும் பார்த்தவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு பால் பாக்கெட், மூன்று டஜன் மெழுகுவத்தி என்று அள்ளிக்கொண்டு போனால் அது பரிக்கிரகம். கடைக்காரரிடம் 'நமக்கு ரெண்டு போதும்ணே' என்று சொல்லிவிட்டு வந்தால் அபரிக்கிரகம். அந்த நிமிஷத்தில் நாம் செய்தது யோகத்தின் முதல் உறுப்பு. பாய் விரிக்கவே தேவையில்லை.

நியமம் தானே கடைப்பிடிக்கும் ஒழுங்கு. வேலைக்கு வரும் நியமன ஆணைக்கும் அதே வேர். இதிலும் ஐந்து. சௌசம் என்பது தூய்மை; வடக்கே ரயிலில் போனவர்கள் 'சௌசாலய்' பலகையைப் பார்த்திருப்பார்கள். சந்தோஷம் இங்கே குதூகலம் இல்லை, போதும் என்ற மனம். தபஸ் நம் தவம். சூடு என்று வேர்ப்பொருள், தாபத்தில் இருப்பதும் அந்தச் சூடே. சுவாத்தியாயம் தானாக ஓதிப் படிப்பது. அதன் பின்பாதி நம் வாத்தியாருக்குள்ளேயும் இருக்கிறது, உபாத்தியாயர் தேய்ந்து வாத்தியார் ஆனவர்தானே. ஐந்தாவது ஈஸ்வரப் பிரணிதானம், இறைவனிடம் ஒப்படைப்பது.

மூன்றாவதாக ஆசனம். 'ஆஸ்' என்றால் உட்கார். சிம்மாசனம் உட்காரும் இடம். டாக்டர் கூச்சத்தோடு சொல்லும் ஆசனவாயும் உட்காரும் இடம்தான். பதஞ்சலிக்கும் ஆசனம் உட்கார்வதே. 'ஸ்திர சுகம் ஆசனம்': அசையாமலும் சுகமாகவும் இருப்பது. அதோடு இரண்டு சூத்திரம் சேர்த்து முடித்துவிடுகிறார். ஓர் ஆசனத்தின் பெயர்கூட அவர் சூத்திரங்களில் இல்லை. தலைகீழாக நிற்பது, மயில் மாதிரி இரு கையில் உடம்பைத் தூக்குவது எல்லாம் பின்னால் ஹட யோக நூல்களில் விரிந்தவை. 15ஆம் நூற்றாண்டு ஹட யோகப் பிரதீபிகை விவரிப்பதே 15 ஆசனங்களைத்தான். இன்றைக்கு யோகம் என்றால் ஆசனம் மட்டும் என்று ஆகிவிட்டது. எட்டில் ஒன்று மொத்த வீட்டையும் பிடித்துக்கொண்டது.

ஆசனப் பெயர்கள் பெரும்பாலும் படம் வரைந்த மாதிரிதான். புஜங்கம் பாம்பு, தனுசு வில், சலபம் வெட்டுக்கிளி, விருட்சம் மரம். வாயில் நுழையாதது பச்சிமோத்தானாசனம். பச்சிமம் என்றால் மேற்கு. உத்தானம், நீட்டி விரித்தல். மேற்கை எப்படி நீட்டுவது? விடியற்காலை பீச் ரோட்டுக்கு வாருங்கள். மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் ஏழரை வரை வண்டிகளுக்குத் தடை, அதனால் இடைஞ்சல் இருக்காது. கடலைப் பார்த்து, சூரியன் எழும் திசையில் காலை நீட்டி உட்காருங்கள். உங்கள் முதுகு எந்தப் பக்கம்? மேற்கு. கிழக்கு நோக்கி உட்கார்ந்தவன் முதுகே மேற்கு. குனிந்து கால் விரலைத் தொட்டால் முதுகு முழுக்க நீளும். பெயர் வைத்தவர் எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பது உட்பட அந்தச் சொல்லில் இருக்கிறது.

பிராணாயாமம் எனக்கு நெருக்கமான பகுதி. பிராணன் நமக்குத் தெரியும். 'என் பிராணனை வாங்காதே' என்று வீட்டில் தினம் ஒரு தடவையாவது யாராவது சொல்வார்கள். மூச்சு, உயிர் இரண்டும் அது. ஆயாமம் என்றால் நீட்டித்தல், கட்டுக்குள் கொண்டுவருதல். உள்ளே இழுப்பது பூரகம். கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணமும் இதுவும் ஒரே வேர், நிரப்புவது. இழுத்ததை நிறுத்துவது கும்பகம். கும்பம் என்றால் குடம். கும்பாபிஷேகத்தில் நிறைந்து அசையாமல் இருக்குமே, அந்தக் குடம். வெளியே விடுவது ரேசகம். சித்த வைத்தியர் பேதிக்குக் கொடுப்பதை விரேசனம் என்பார். இரண்டுக்கும் காலி செய்வதே பொருள். கொழுக்கட்டை, குடம், பேதி. இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பூரகமும் கும்பகமும் ரேசகமும் இனி மறக்காது. மரியாதையான வழி இல்லைதான், ஆனால் வேலை செய்கிறது.

திருமூலர் இதற்குக் கணக்கே கொடுக்கிறார்: இடது நாசியில் பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்து நான்கு நிறுத்தி, முப்பத்திரண்டில் விடுவது. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே யாரும் அறுபத்து நான்கு எண்ண வேண்டாம். மூச்சை அடக்குவது பக்கத்தில் ஆள் வைத்துப் பழக வேண்டிய விஷயம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாட்டில் உள்ள சொல் விளையாட்டை மட்டும் இப்போதைக்கு ரசிக்கலாம். 'ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும் காற்றைப் பிடிக்கும் கணக்கு' என்கிறார். இருகால் என்றால் இரண்டு கால்கள் இல்லை. கால் என்றால் காற்று. இடகலை, பிங்கலை என்ற இரண்டு நாடிகளில் ஓடும் காற்று. பிள்ளையார் சதுர்த்திக்கு ஒலிபெருக்கியில் கேட்கும் விநாயகர் அகவலில் 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும்' என்று வருகிறதே, அங்கேயும் ஔவையார் காலால் உதைத்து எழுப்பச் சொல்லவில்லை, மூச்சால். சின்ன வயதில் நான் உதைப்பதாகத்தான் நினைத்திருந்தேன். நாடி என்பதும் நமக்கு மணிக்கட்டில் பார்ப்பது, அல்லது முகவாய். யோகத்தில் அது பிராணன் ஓடும் குழல்.

ஐந்தாவது பிரத்தியாகாரம். சொல்லைப் பார்த்து மிரளத் தேவையில்லை, உள்ளே ஆகாரம் இருக்கிறது. ஆகாரம் என்றால் உள்ளே கொண்டுவருவது. வாய்க்குச் சோறு போல, கண்ணுக்கு உருவம், காதுக்கு ஒலி. பிரதி சேர்ந்தால் எதிர்த்திசை. காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டுக்குள் ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள். 'எது எடுத்தாலும் நூறு' என்ற கூவல், மலைமலையாகச் சட்டை, பொரித்த வாசனை என்று ஐந்து புலனுக்கும் விருந்து. அந்த நடுவில் நின்றுகொண்டு எதையும் தின்னாமல் இருப்பது பிரத்தியாகாரம். காதைப் பொத்திக்கொள்வது அதில் சேராது. தலைமைத் தேனீயின் பின்னால் பறக்கும் தேனீக்கள் அது உட்கார்ந்ததும் தாமும் உட்கார்வதுபோல, சித்தம் உள்ளே திரும்பினால் புலன்களும் கூடத் திரும்பிவிடும் என்கிறது பழைய உரை.

தாரணை, தியானம், சமாதி மூன்றையும் பதஞ்சலி அடுத்தடுத்து மூன்று சூத்திரங்களில் சொல்லிவிடுகிறார். ஒன்றின் தொடர்ச்சி இன்னொன்று. தாரணை என்றால் தாங்கிப் பிடித்தல். ஆதாரம், மூலாதாரம், பர்ஸுக்குள் இருக்கும் ஆதார் அட்டை எல்லாம் ஒரே வேர். மனத்தை ஓர் இடத்தில் கட்டி வைப்பது. மூக்கு நுனியில், விளக்குச் சுடரில், எங்கேயோ ஓர் இடத்தில். அது பிய்த்துக்கொண்டு ஓடும், திரும்பப் பிடித்துக் கட்ட வேண்டும். நாம் 'தியானம் பண்ணினேன்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தியானம் அடுத்த படி: பிடிப்பது அறுபடாமல் ஓடத் தொடங்குவது. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவது தாரணை என்றால், சாய்த்த கிண்ணத்திலிருந்து நல்லெண்ணெய் ஒரே இழையாக இறங்குவது தியானம். இந்தத் 'தியான'மே சீனத்துக்குப் போய்ச் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆனது.

சமாதிக்கு வந்தால் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அரவிந்தர் 1910இல் இங்கே வந்தார், 1926இல் ஆசிரமம் உருவானது, 1950இல் மறைந்தார், 1973இல் அன்னையும். ஆசிரம முற்றத்தில் மரத்தடியில் பூக்கள் அடுக்கிய பளிங்குச் சமாதியைப் பார்க்க நாள் முழுக்க வரிசை நிற்கும். வெளியூரிலிருந்து வந்த என் அக்கா மகள் அங்கேயே, "மாமா, சமாதின்னா புதைச்ச இடம்தானே? அப்புறம் ஏன் எட்டாவது படி சமாதின்னு போர்டுல போட்ருக்கு?" என்று காதில் கேட்டாள். அங்கே பேசக் கூடாது என்பதால் வெளியே வந்து சொன்னேன். சமாதி என்றால் நன்றாக ஒன்றுசேர்த்து வைத்தல். இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போய்ச் செய்துவைக்கிறோமே சமாதானம், அதே வேர். தியானிப்பவன் தன்னை மறந்து, தியானிக்கும் பொருள் மட்டும் ஒளிரும் நிலைக்கு அந்தப் பெயர். ஞானிகள் இறந்தால் செத்தார் என்று சொல்லாமல் சமாதி ஆனார் என்று சொன்னோம். பிறகு அவர்களை வைத்த இடமும் சமாதி ஆயிற்று. அரவிந்தரின் பூரண யோகத்தில், கண்ணை மூடிக்கொண்டு அந்த நிலையில் அமிழ்ந்துபோவதே முடிவு என்று சொல்லப்படவில்லை. ஆசனமும் பிராணாயாமமும் கட்டாயமும் இல்லை. 'யோகா ஊர்' என்று நினைத்துப் பாயோடு ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கும்.

பொருள் தலைகீழாகிப்போன சில சொற்களைச் சொல்லாமல் விட மனசில்லை. சாதனை என்றால் நமக்கு ரெக்கார்டு. 'யோகாவில் சிறுமி சாதனை' என்று படம் வராத வாரம் இல்லை. சாதனா என்றால் தினமும் செய்யும் பழக்கம். சங்கீதக்காரர்கள் சாதகம் பண்ணுகிறேன் என்று சொல்வதில்தான் அந்தப் பழைய பொருள் மிச்சம் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது செய்வது சாதனா, எல்லாரும் பார்க்கும்போது செய்வது சாதனை என்று ஆகிவிட்டது. வைராக்கியம் இதைவிட மோசம். ராகம் என்ற பற்றின் சாயம் போய்விடுவது வைராக்கியம். நாமோ 'வைராக்கியமா நின்னு வீட்டைக் கட்டிட்டான்' என்கிறோம். பற்றை விடுவதற்கு இருந்த சொல், பிடித்த பிடியை விடாமல் இருப்பதற்கு வந்துவிட்டது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்ற பழைய பேச்சில் மட்டும் அசல் பொருள் உயிரோடு இருக்கிறது. பதஞ்சலி மனச் சுழற்சியை அடக்க இரண்டு கருவி சொல்கிறார்: அப்பியாசம், வைராக்கியம். வைராக்கியத்துக்குப் பிடிவாதம் என்று பொருள் வைத்துக்கொண்டால் அந்தச் சூத்திரமே கவிழ்ந்துவிடும்.

கடைசியாகக் கைவல்யம்; நான்காம் பாதத்தின் பெயர். யோகத்தின் முடிவு இது. கேவலம் என்பதிலிருந்து வந்த சொல். ஆமாம், அதே கேவலம்தான். 'கேவலமா நடந்துக்கிட்டான்' என்பதில் உள்ளது. வடமொழியில் கேவல என்றால் தனி, மட்டும். 'கேவலம் பத்து ரூபாய்க்கா இந்தச் சண்டை?' என்று கேட்கும்போது நாம் அறியாமலேயே பழைய பொருளில் பேசுகிறோம், வெறும் பத்து ரூபாய். வெறும் என்பது மட்டமான என்றாகி, மட்டமான என்பது அசிங்கமான என்றாகிவிட்டது. பதஞ்சலிக்கு அது பார்ப்பவன் பார்க்கப்படுபவற்றிலிருந்து பிரிந்து, தான் மட்டுமாக நிற்பது. முன்னால் சொன்னேனே, சேர்ப்பதைவிடப் பிரிப்பதைப் பற்றி அதிகம் பேசுகிறார் என்று, அது இங்கேதான் முடிகிறது.

மஞ்சக்குப்பத்து அம்மா மறுநாளும் வகுப்புக்கு வந்தார். சாந்தி ஆசனத்தில் படுத்த ரெண்டாவது நிமிஷம் குறட்டை. முடிந்ததும் மாஸ்டர் மெதுவாக, "தூங்கக் கூடாதும்மா. தூக்கமும் ஒரு விருத்திதான்னு பதஞ்சலி சொல்லியிருக்காரு" என்றார். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "விருத்தின்னா நல்லதுதானே மாஸ்டர்?"